அரக்கில் எழுதிய நாதம்

பழைய கிராமபோன் தட்டில் ஒரு கீர்த்தனத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள், பிற்காலத்தில் அதே கீர்த்தனத்தை எத்துணைத் துல்லியமான கருவியில் கேட்டாலும், ஏதோ ஒன்று குறைகிறதென்று சொல்வதைப் பலரும் கேட்டிருப்பார்கள். குறைவது யாதென்று வினவினால், அந்த நாதமே வேறு என்பதற்கு மேல் அவர்களால் விளக்கம் தர இயலுவதில்லை. இதனை முதியோரின் மனச்சாய்வு என்று தள்ளிவிடுவது சுலபம். ஆனால் விரல் பட்ட மாத்திரத்தில் உலகத்துப் பாட்டையெல்லாம் கேட்கும் வசதி படைத்த இளைஞர்களும் இன்று இசைத்தட்டைத் தேடிப்போய் வாங்குகிறார்கள் என்பதையும், 2022ஆம் ஆண்டில் அமெரிக்காவில், 1987க்குப் பிறகு முதன்முறையாக, குறுந்தகடுகளைவிட இசைத்தட்டுகள் அதிக எண்ணிக்கையில் விற்பனையாயின என்பதையும் நினைத்துப் பார்த்தால், இந்தப் பற்றுக்கு வயது மட்டும் காரணமன்று என்பது தெளிவாகும். காரணத்தில் பாதி தட்டில் இருக்கிறது. மறுபாதி கேட்பவரின் மூளையில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். தட்டிலுள்ள பாதியை முதலில் பார்ப்போம்.

ஒலி என்பது காற்றின் அசைவு. பாடகரின் தொண்டையிலிருந்து புறப்படும் அந்த அசைவு, எதிரே ஒரு மெல்லிய சவ்வு இருந்தால் அதனையும் அசைக்கும். சவ்வில் ஒரு முள்ளைப் பொருத்தி, முள்ளின் கீழே ஒரு பரப்பை நகர்த்திக்கொண்டே போனால், காற்றின் அசைவு அந்தப் பரப்பில் ஒரு நெளிகோடாக விழும். பாரிஸ் நகரத்து ஸ்காட் தெ மார்ட்டின்வில் என்பவர் 1857இல் இதைச் செய்து காட்டினார். ஆனால் புகைக்கரி பூசிய காகிதத்தில் அவர் வரைந்த கோடுகள் கண்ணுக்கு மட்டுமே உரியவையாக இருந்தன. கோட்டிலிருந்து மீண்டும் ஒலியை எழுப்ப வேண்டும் என்ற நோக்கமே அவருக்கு இருக்கவில்லை. அவர் 1860இல் பதிந்த ஒரு பாட்டின் துணுக்கை, 2008இல் கணிப்பொறியின் உதவியால் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஒலிக்கச் செய்தபோது, நூற்று நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஊமையாகக் கிடந்த ஒரு குரலை உலகம் முதன்முறையாகக் கேட்டது. எழுதியதை மீண்டும் பேசவைத்த பெருமை எடிசனுக்கு உரியது. 1877இல் அவர் வெள்ளீயத் தகடு சுற்றிய உருளையொன்றில் முள்ளை மேலும் கீழுமாக அசையவிட்டுக் குரலைப் பதிந்து, அதே பள்ளத்தில் முள்ளை மறுபடியும் ஓடவிட்டுத் தம் குரலையே கேட்டார்.

எனினும் நாம் இசைத்தட்டு என்று வழங்கும் பொருளைத் தந்தவர் எமில் பெர்லினர். ஜெர்மனியில் ஹானோவரில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய இவர், 1887இல் உருளையை விடுத்துத் தட்டையான வட்டத் தகட்டைக் கையாண்டார். முள்ளை மேலும் கீழும் அசையவிடாமல் பக்கவாட்டில் அசையவிட்டார். கேட்பதற்குச் சிறிய மாற்றமாகத் தோன்றும் இது, உண்மையில் சங்கீதத்தின் சரித்திரத்தையே மாற்றியது. உருளையைப் பிரதி எடுப்பது அக்காலத்தில் மிகவும் கடினம். தட்டையோ ஓர் உலோக அச்சினால் அழுத்தி ஆயிரக்கணக்கில் வார்த்துவிடலாம். ஒரு வித்துவான் ஒரு முறை பாடியதை ஆயிரம் ஊர்களில் ஒரே மாலையில் கேட்க முடியும் என்ற நிலை இதனால்தான் உண்டாயிற்று.

அந்தத் தட்டை வார்க்க ஏற்ற பொருள் எங்கிருந்து கிடைத்தது என்பது நம் நாட்டார் பெருமிதத்துடன் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி. பலாசு, இலந்தை முதலிய மரங்களின் இளங்கிளைகளில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சி வாழும் ஒரு சிறு பூச்சி, தன்னைச் சுற்றிக் கசியவிடும் பிசினே அரக்கு. சோட்டா நாகபுரிப் பகுதியின் காடுகளில் பழங்குடி மக்கள் சேகரித்துக் கொடுத்த அரக்குதான், கழுவி உருக்கி மெல்லிய ஏடுகளாக்கப்பட்டுக் கல்கத்தாத் துறைமுகத்தின் வழியே உலகெங்கும் சென்று, ஐரோப்பிய நாடக அரங்குகளின் பாட்டுகளையும் அமெரிக்க நடன இசையையும் தாங்கும் தட்டுகளாக மாறியது. தட்டு முழுவதும் அரக்கன்று. அரக்கு பிணைப்பாக நின்று, பெரும்பகுதி கல்தூளும் சுண்ணாம்புக்கல் மாவும், வலுவுக்குச் சிறிது பஞ்சிழையும், கறுப்புக்குப் புகைக்கரியும் சேர்ந்த கலவையே தட்டாயிற்று.

கல்தூள் ஏன் என்று கேட்கலாம். கிராமபோனின் ஒலிப்பெட்டியும் அதைத் தாங்கும் கையும் நூறு கிராமுக்கு மேற்பட்ட பாரத்தை ஊசியின் நுனியில் ஏற்றின. அவ்வளவு பாரத்தைச் சுமந்து ஓடும் எஃகு ஊசி, வரிப்பள்ளத்தின் உருவத்துக்கு உடனே தேய்ந்து பொருந்தாவிட்டால், பள்ளத்தையே அறுத்துவிடும். ஆகவே தட்டு ஊசியைத் தேய்க்கட்டும் என்றே கல்தூளைச் சேர்த்தார்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் புது ஊசி மாற்ற வேண்டும் என்ற விதியும், ஊசிகள் நிறைந்த சிறு தகர டப்பாக்கள் கிராமபோன் இருந்த வீடுகளில் எல்லாம் காணப்பட்டதும் இதனாலேயே. பாட்டுக்குப் பின்னணியில் இடைவிடாது கேட்கும் அந்த இரைச்சல், ஊசி இந்த நுண்ணிய கற்களின்மேல் உராய்ந்து செல்வதால் எழுவது. பழைய தட்டை நினைக்கும்போது முதலில் நம் செவிக்கு வருவது வித்துவானின் குரலன்று; மலைப்பாறையின் பொடியும் காட்டுப் பூச்சியின் பிசினும் எழுப்பும் அந்த ஓசைதான்.

இந்தியாவில் வணிக முறையில் இசைத்தட்டுப் பதிவு 1902 நவம்பரில் கல்கத்தாவில் தொடங்கியது. கிராமபோன் கம்பெனியின் பிரதிநிதியாக வந்த பிரெட் கைஸ்பெர்க், அப்போது புகழின் உச்சியிலிருந்த கௌஹர் ஜானைப் பாடவைத்துப் பதிந்தார். பாட்டு முடிந்தவுடன் அந்த அம்மையார் தம் பெயரைத் தாமே உரக்கச் சொல்வது அத்தட்டுகளின் ஒரு விசேஷம். பதிவான மூலத்தகடுகள் கப்பலேறி ஹானோவருக்குப் போய் அங்கே அச்சாகி வந்தன. மொழியறியாத அவ்வூர்த் தொழிலாளிகள் தகட்டை இனம் கண்டு சரியான பெயர்ச்சீட்டை ஒட்டுவதற்கு அந்த அறிவிப்பு உதவியது. 1908இல் கல்கத்தாவின் சியால்டாவிலேயே அச்சிடும் ஆலை ஏற்பட்ட பிறகு இந்தக் கடற்பயணம் தேவையற்றதாயிற்று.

அக்காலத்துப் பதிவில் மின்சாரத்துக்கு இடமே இல்லை. பாடகர் ஒரு பெரிய தகரக் குழாயின் வாய்க்குள் குரலைச் செலுத்த வேண்டும். அந்தக் குரலின் பலமே முள்ளை அசைத்து மெழுகைக் கீற வேண்டும். மனிதச் செவி வினாடிக்கு 20 முதல் 20,000 வரையிலான அதிர்வுகளை உணர வல்லது. குழாயோ சில நூறிலிருந்து இரண்டாயிரம், மூவாயிரம் வரை மட்டுமே பிடித்தது. மிருதங்கத்தின் தொப்பியிலிருந்து எழும் கும்காரமும் தம்பூராவின் அடிநாதமும் அதில் ஏறவில்லை. உச்ச ஸ்தாயியில் கணீரென்று ஒலித்த குரல்கள் ஏறின. பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும். பன்னிரண்டங்குலமாயின் நான்கு நிமிடத்தைச் சிறிது தாண்டும். ஓர் இராகத்தை ஒரு மணி நேரம் விஸ்தரித்துப் பழகிய வித்துவான்கள், அதன் ஜீவனை ஒரு பிடிக்குள் அடக்கித் தரவேண்டிய நிர்ப்பந்தம் இவ்வாறு ஏற்பட்டது. இதனால் நம் சங்கீதம் சுருங்கிப்போயிற்று என்று வருந்துவோர் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. மூன்று நிமிடத்துக்குள் இராகத்தின் முகத்தைக் காட்டிவிட வேண்டும் என்ற கட்டாயத்தினாலேயே, அத்தட்டுகளில் வீணான ஒரு பிடியும் இல்லை, அர்த்தமற்ற ஒரு சங்கதியும் இல்லை. நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் தோடித் தட்டைக் கேட்டவர்கள் இதற்குச் சாட்சி சொல்வார்கள்.

1925இல் மைக்ரோபோனும் வால்வும் பதிவுக்கூடத்துக்குள் நுழைந்தன. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மாக்ஸ்ஃபீல்டு, ஹாரிசன் என்ற இருவர் வகுத்த இந்த முறையில், குரலின் பலம் முள்ளை அசைக்க வேண்டுவதில்லை; குரல் மின்னோட்டமாக மாறி, வால்வில் வலுப்பெற்று, பிறகு முள்ளை அசைக்கும். உரக்கப் பாடாதவரும், மெல்ல மீட்டுபவரும் தட்டில் இடம்பெற வழி பிறந்தது. சென்னை ஜார்ஜ் டவுனில் தம் இல்லத்துக் கூடத்தில் சிலர் முன்னிலையில் வாசித்து வந்த வீணை தனம்மாளின் வாசிப்பு, 1930களின் தொடக்கத்தில் தட்டில் ஏறி இன்றளவும் நமக்குக் கிடைப்பது இந்த மாறுதலின் பயன். தமிழ்நாட்டில் இசைத்தட்டு வீதிக்கு வீதி பரவியதும் இதே காலத்தில்தான். பத்து வயதுச் சிறுமியாக எம்.எஸ்.சுப்புலட்சுமி முதல் தட்டைக் கொடுத்தது 1926இல். சினிமாவுக்கு வருமுன் ஏ.வி.மெய்யப்பன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வாயிலாக ஓடியன் தட்டுகளை விற்றதும் அடுத்து வந்த ஆண்டுகளில். 1933இல், இருபத்தேழே வயதில் மறைந்த நாடக மேடைப் பாடகர் எஸ்.ஜி.கிட்டப்பா ஒரு சினிமாவிலும் நடித்தவரல்லர்; அந்தச் சாரீரம் எப்படியிருந்தது என்பதை அறிய இன்று நமக்கிருக்கும் ஒரே வழி அரக்குத் தட்டு.

இங்கே சங்கீதம் அறிந்தவர்கள் கவனிக்கவேண்டிய ஒரு சூட்சுமம் இருக்கிறது. நிமிடத்துக்கு 78 சுற்று என்ற கணக்கு பிற்காலத்தில்தான் நிலைபெற்றது. தொடக்கக் காலத்துத் தட்டுகள் எழுபதுக்குக் கீழும் எண்பதுக்கு மேலும்கூடப் பதிவானவை. வேகம் நூற்றுக்கு ஆறு பங்கு கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும், காலப்பிரமாணமும் அதே அளவு விரைவாகும். ஆகவே பழைய பாடகர்கள் எல்லோருமே நம்பமுடியாத சுருதியில் பாடினார்கள் என்று ஒரு தட்டை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது முறையன்று. சாவி கொடுத்த வில் தளரத் தளரச் சுருதி மெல்ல இறங்குவதையும், நடுத்துளை சற்றே விலகிய தட்டில் ஒரு சுற்றுக்கு ஒரு முறை ஸ்வரம் அசைந்துகொடுப்பதையும் அக்காலத்தார் அறிவார்கள்.

அரக்கின் ஆட்சியை முடித்தது யுத்தம் என்று சொல்லலாம். 1942இல் அமெரிக்க அரசு அரக்கைப் போர்த் தேவைகளுக்கென ஒதுக்கியது. சிப்பாய்களுக்கு அனுப்பும் தட்டுகள் வினைல் என்ற செயற்கைப் பிசினில் வார்க்கப்பட்டன. கல்தூள் கலவாத, வழவழப்பான அந்தப் பொருளில் இரைச்சல் குறைவு. ஆகவே வரிகளை மிக நெருக்கமாகவும் நுண்ணியதாகவும் வெட்ட முடிந்தது. 1948 ஜூனில் கொலம்பியா கம்பெனி நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் எல்.பி. ரிக்கார்டை வெளியிட்டது; பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் தடையின்றிக் கேட்கலாம். நம் நாட்டில் அரக்குத் தட்டுகள் 1960களின் இறுதிவரை இதனோடு உடன்வாழ்ந்தன.

எல்.பி. தட்டின் ஒரு பக்கத்திலுள்ள வரியை நேராக நீட்டிப் பிடித்தால் ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் வரும். அதன் அகலம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு; மெல்லிய சங்கதிகளின் நெளிவுகளோ ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சிறியவை. வைர ஊசி அந்த நெளிவுகளின் வழியே ஓடும்போது அதன் மறுமுனையிலுள்ள சிறு காந்தம் கம்பிச்சுருளின் அருகே அசைய, ஃபாரடே கண்ட விதிப்படி சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. ஆங்கிலேயப் பொறியியலறிஞர் ஆலன் புளும்லீன் இரு செவிகளுக்கும் தனித்தனியே ஒலி தர 1931இலேயே ஒரு வழி கண்டிருந்தார்: பள்ளத்தின் இரு சுவர்களையும் நாற்பத்தைந்து பாகைச் சாய்வில் வெட்டி, இடச்செவிக்கு ஒரு சுவரும் வலச்செவிக்கு மறு சுவருமாக எழுதலாம் என்றார். அவர் 1942இல் விமான விபத்தில் மாண்டு பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னரே அது கடைக்கு வந்தது.

தாழ்ந்த நாதங்கள் ஊசியை அகலமாக அலைக்கழிக்கும். அவற்றை உள்ளபடியே வெட்டினால் ஒரு வரி அடுத்த வரியின்மேல் ஏறிவிடும். உயர்ந்த நாதங்களோ இரைச்சலில் மூழ்கிப்போகும். ஆகவே வெட்டும்போது தாழ்ந்தவற்றைக் குறைத்தும் உயர்ந்தவற்றைக் கூட்டியும் எழுதி, கேட்கும்போது மின்பெருக்கியில் அதனைத் தலைகீழாக்குகிறார்கள். 1954இல் இதற்கென ஒரே அளவுகோல் வகுக்கப்பட்டது. இத்தனை செய்தும் தட்டின் இயல்பான குறையொன்று நீங்கவில்லை. சுழற்சி வேகம் மாறாதிருப்பதால், வெளிவிளிம்பில் வினாடிக்கு அரை மீட்டர் நீளும் வரி, உள்விளிம்பை நெருங்கும்போது இருபது சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. அதே ஸ்வரத்தைப் பாதிக்கும் குறைந்த இடத்தில் எழுதவேண்டியிருப்பதால், கடைசிப் பாட்டு முதற்பாட்டைப்போல் தெளிவாக இருப்பதில்லை.

பிறகு 1982இல் குறுந்தகடு வந்தது. வினாடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து எண்களாக எழுதிவைக்கும் அதில் ஊசியில்லை, உராய்வில்லை, தேய்மானமில்லை. மிக மெல்லிய ஓசைக்கும் மிக வலிய ஓசைக்கும் இடையே அது தாங்கும் வீச்சு ஏறத்தாழ 96 டெசிபெல், நல்ல எல்.பி. தட்டில் அது 60, 70 அளவே. இசைத்தட்டின் நாதம் குறுந்தகட்டைவிட மூலத்துக்கு நெருக்கமானது என்று அன்பின் மிகுதியால் சிலர் வாதிடுகிறார்கள். பௌதிக சாஸ்திரம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. இதை மனமார ஒப்புக்கொண்ட பிறகே அடுத்த வினாவைக் கேட்கும் தகுதி நமக்கு வருகிறது: குறையுள்ள ஒன்றின்மேல் மனம் ஏன் இவ்வளவு உருகுகிறது?

இழந்ததை எண்ணி ஏங்குவதை வைத்திய சாஸ்திரம் ஒரு நோயாகவே முதலில் கருதியது. 1688இல் ஜோஹன்னஸ் ஹோஃபர் என்ற இளம் சுவிஸ் மருத்துவர், தாயகத்தைப் பிரிந்து வாழ்ந்தவர்களுக்கு வரும் உடல்மெலிவுக்கும் உறக்கமின்மைக்கும் இந்த ஏக்கமே காரணமென்று ஆய்வேடு எழுதினார். இன்றைய உளவியல் இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் செடிகிடெஸ், வில்ட்சுட் ஆகியோர் பல்லாண்டுகளாகச் செய்துவரும் சோதனைகள், இந்த ஏக்கம் தனிமையைத் தணித்து, தமக்கும் உற்றார் இருந்தனர், இருக்கின்றனர் என்ற உறுதியை மனத்துக்குத் தருகிறதென்று காட்டுகின்றன.

ஞாபகங்களுள் பத்து வயது முதல் முப்பது வரை பதிந்தவையே முதுமையில் மிகுதியாக மீண்டெழுகின்றன என்பதும் பலமுறை நிலைநாட்டப்பட்ட உண்மை. கலிபோர்னியாவில் பெட்ர் ஜனாட்டா 2009இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இளமையில் கேட்ட பாட்டு ஒலிக்கும்போது நெற்றிக்குப் பின்னே மூளையின் நடுப்பகுதி விழித்தெழுவது படமாகவே பதிவாயிற்று. நமது வாழ்க்கைக் கதையையும் அந்தப் பாட்டின் போக்கையும் ஒன்றாகப் பின்னும் இடம் அது. மறதி நோயில் கடைசியில் சிதையும் பகுதிகளுள் அதுவும் ஒன்று. பிள்ளைகளின் பெயரை மறந்துவிட்ட முதியவர் பழைய பாட்டு வரியை மறவாமல் முணுமுணுப்பதன் காரணம் இதில் ஓரளவு விளங்குகிறது.

இந்த ஞாபகம் பாட்டை மட்டும் தனியே பிரித்து வைத்துக்கொள்வதில்லை. ஊசி இறங்கும்போது எழும் சிறு ஓசை, பல்லவிக்குமுன் வரும் இரைச்சல், அனுபல்லவியில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் எப்போதும் கேட்கும் கீறலின் சொடுக்கு ஆகியன எல்லாம் அந்தக் கீர்த்தனத்தின் அங்கங்களாகவே பதிகின்றன. மண்சாலையில் ஓடி ஓடி வண்டி பதித்த தடம்போல, ஊசி ஓடிய ஒவ்வொரு முறையும் வரியில் ஓர் அடையாளத்தை விடுகிறது. ஆதலால் ஒரு குடும்பம் இருபது ஆண்டுகள் கேட்ட தட்டு, அதே எண்ணுடன் அதே ஆலையில் அச்சான வேறொரு தட்டைப் போல ஒலிப்பதே இல்லை. நம் வீட்டுத் தட்டு என்று ஒருவர் உரிமையோடு சொல்வது வெறும் பற்றன்று, பௌதிக உண்மையும் ஆகும். துல்லியமான கருவியில் அவருக்குக் குறைவதாகத் தோன்றுவது இந்த அடையாளங்களே.

மற்றொன்று எதிர்பார்ப்பு. மான்ட்ரியலில் 2011இல் நடந்த ஆராய்ச்சி, பிடித்த இசையின் உச்சம் வருமுன்னரே, அதை எதிர்நோக்கும் கணங்களிலேயே, மூளையில் டோபமீன் என்ற இரசாயனம் சுரப்பதைக் காட்டிற்று. உறையிலிருந்து தட்டை விளிம்பைத் தொட்டு எடுத்து, தூசி துடைத்து, சாவி கொடுத்து, ஊசி மாற்றிக் காத்திருக்கும் ஒவ்வொரு செயலும் அந்த எதிர்நோக்கை நீட்டுகிறது. விரல் பட்டவுடன் பாடும் கருவி இந்த இன்பத்தில் ஒரு பகுதியைப் பறித்துக்கொள்கிறது என்பதே என் முடிவு. தம் இளமையில் தட்டையே காணாத இளைஞர்களுக்கும் இது பொருந்தும். அவர்களைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கரோல் கிரம்ஹான்சல் 2013இல் வெளியிட்ட ஆராய்ச்சி, இருபது வயது மாணவர்கள் தம் காலத்து இசையோடு, பெற்றோரின் இளமைக்கால இசையிடமும் தனிப்பற்றுக் கொண்டிருப்பதைக் கண்டது. கல்யாண வீட்டு வாசலில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிப் போட்ட தட்டுகளும், இலங்கை வானொலி ஒலிபரப்பிய தட்டுகளும் நம் பெற்றோருக்கு வாய்த்தன. அவர்கள் பாடிக்கொண்டே வீட்டுவேலை செய்ததைக் கேட்ட குழந்தைகளுக்கு அந்த இளமையின் ஒரு பங்கு வந்து சேர்ந்தது.

இவ்வளவு அருமையான பொருள் நம் வீடுகளில் பரணில் கிடந்து பழைய சாமான் வியாபாரியிடம் எடைக்குப் போவதைக் காணும்போது மனம் பதைக்கிறது. பல தட்டுகளின் மூல அச்சுகள் இன்று இல்லை; பரணிலுள்ள ஒன்றே உலகில் எஞ்சியதாகவும் இருக்கலாம். உங்களிடம் தட்டுகள் இருந்தால் அவற்றைப் படுக்கவைத்து அடுக்காமல் புத்தகம்போல் நிறுத்திவையுங்கள். வெயிலும் ஈரமும் படாத இடமாக இருக்கட்டும். அரக்குத் தட்டை ஒருபோதும் சாராயம் கலந்த திரவத்தால் துடைக்காதீர்கள். அரக்கு சாராயத்தில் கரைந்துவிடும். எல்.பி. தட்டைப் பழைய கிராமபோனின் எஃகு ஊசிக்கு இரையாக்காதீர்கள். 78 சுற்றுத் தட்டுக்கு அதற்கேற்ற தடித்த ஊசியே வேண்டும், மெல்லிய எல்.பி. ஊசி பள்ளத்தின் அடியில் விழுந்து அழுக்கையே வாசிக்கும். உடைந்துவிட்டது என்று எறிந்துவிடவும் வேண்டாம். கார்ல் ஹேபர் என்ற பௌதிக அறிஞர் அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய முறையில், ஊசி படாமல் வரிகளைப் படமெடுத்தே ஒலியை மீட்க இப்போது முடிகிறது; உடைந்த துண்டுகளையும் அவ்வாறு படிக்கலாம். உறைமேல் பாடகர் பெயரும் தட்டின் எண்ணும் தெரிகின்றனவா என்று பார்த்து, ஒரு தாளில் குறித்து, ஒரு நூலகத்துக்கோ இசை ஆவணக் காப்பகத்துக்கோ தெரிவியுங்கள். இந்த வாரமே பரணில் ஏறிப் பாருங்கள்.